நுரை எடுக்கும் கருவி: கடல்நீர்த் தொட்டிக்கு ஸ்கிம்மர் வாங்குவதும் ஓட்டுவதும்

பருப்பு வேகும்போது பாத்திரத்தின் ஓரத்தில் அழுக்கு நிறத்தில் நுரை திரளும். அதைக் கரண்டியால் வழித்துக் கொட்டிவிட்டுத்தான் நம் வீடுகளில் அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். பருப்பிலிருந்து நீரில் இறங்கிய புரதமும் வேறு சில பொருள்களும் காற்றுக்குமிழிகளின் மேல் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே வருகின்றன. நுரையை வழித்தால் அவையும் சேர்ந்து வெளியேறுகின்றன. பவளங்களும் கடல்மீன்களும் வாழும் ரீஃப் டேங்கில் புரோட்டீன் ஸ்கிம்மர் இரவும் பகலும் செய்வது இந்த வேலையைத்தான். அடுப்பின் இடத்தில் ஒரு பம்பு இருக்கிறது, கரண்டியின் இடத்தில் ஒரு கப் இருக்கிறது. வேகும் பருப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பொங்கல் சட்டென்று அடங்கிவிடும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். அது பின்னால் தேவைப்படும்.

நன்னீர் மீன் வளர்த்துப் பழகி, இப்போது முதன்முறையாக உப்புநீருக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக 4 அடி நீளமும் 1.5 அடி அகலமும் 1.5 அடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டியையும், அதன் கீழே ஸ்டாண்டுக்குள் வைத்த ஒரு சம்பையும் (தொட்டி நீர் இறங்கிவந்து, சுத்தமாகி, பம்பு வழியே மறுபடி மேலேறும் துணைத் தொட்டி) எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் இருப்பதும் ஏறக்குறைய இதே அமைப்பு என்பதால், கணக்குகளில் எனக்குத் தடுமாற்றம் இருக்காது.

எதை எடுக்கும், எதை எடுக்காது

மீன்களின் கழிவு, தின்னாமல் விட்ட உணவு, பவளங்கள் சுரக்கும் கோழை, பாசிகள் கசியவிடும் பொருள்கள் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் கரிமப் பொருள்கள் நீரில் கரைகின்றன. இவற்றில் பல மூலக்கூறுகளுக்கு ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரிலிருந்து விலகும். நீரும் காற்றும் சந்திக்கும் இடம்தான் அவற்றுக்கு வசதியான இடம் என்பதால், குமிழி கிடைத்தால் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பெரிய குமிழியைவிட அதே அளவு காற்றைக் கொண்ட ஆயிரம் சிறு குமிழிகளுக்கு மேற்பரப்பு பல மடங்கு அதிகம். சிறு குமிழிகள் மெதுவாகவும் மேலே ஏறும். ஆகவே ஸ்கிம்மரின் உடற்பகுதி பால்போல் வெளுத்துத் தெரியும் அளவுக்கு நுண்குமிழிகளால் நிறைந்திருக்க வேண்டும். அந்தக் குமிழிகள் மேலே குறுகலான கழுத்துக்குள் நுழைந்து நெருக்கிக்கொண்டு ஏறும்போது, அவற்றுக்கிடையே இருந்த நீர் கீழே வடிந்துவிடுகிறது. கெட்டியான நுரை மட்டும் விளிம்பைத் தாண்டிக் கப்பில் விழுந்து, கடுந்தேநீர் நிறத்தில், மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்துடன் தேங்குகிறது.

நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து எளிதில் பெரிதாகிவிடுகின்றன. உப்புநீரிலோ அவை தனித்தனியாகவே நிற்கின்றன. நன்னீர்த் தொட்டிகளில் இந்தக் கருவியைப் பெரும்பாலும் பயன்படுத்தாததற்கு அதுவே காரணம். கடற்கரையில் அலை ஒதுக்கும் நுரையும் இதே வகைதான். 2019 டிசம்பர் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் மழைக்குப் பின் நுரை திரண்டு ஒதுங்கி, குழந்தைகள் அதில் விளையாடிய படங்கள் செய்திகளில் வந்தன. கழிவுநீரோடு கடலில் கலந்த சோப்புப் பொருள்கள் அந்த நுரைக்குக் காரணம் என்று சொல்லப்பட்டது.

புதியவர்கள் ஸ்கிம்மர் மீது வைக்கும் நம்பிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. அது அம்மோனியாவையோ நைட்ரேட்டையோ நேரடியாக எடுக்காது. கரைந்த பாஸ்பேட்டையும் அப்படித்தான். அவையாக மாறக்கூடிய கரிமப் பொருள்களை, அழுகிச் சிதைவதற்கு முன்பே ஓரளவு வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் 2009இலும் 2010இலும் வெளியிட்ட அளவீடுகளின்படி, நீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பனில் சுமார் 20 முதல் 30 சதவீதத்தை மட்டுமே ஸ்கிம்மர்களால் எடுக்க முடிந்தது. மீதியைப் பாறைகளில் வாழும் பாக்டீரியாக்களும் கரித்தூளும் வாராந்தர நீர்மாற்றமும்தான் கவனிக்க வேண்டும். விலை உயர்ந்த கருவி வாங்கினால் நீர் மாற்றவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொரு பயன், நீருக்குள் ஆக்சிஜன் சேர்வது. வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். இரவில் விளக்கு அணைந்தபின் பாசிகளும் அதைத் தருவதில்லை. மே மாத இரவொன்றில் ஏசி நின்றுபோய்த் தொட்டி 30 டிகிரியைத் தொடும்போது, மீன்களைக் காப்பாற்றுவது பல வீடுகளில் ஸ்கிம்மர் இழுக்கும் காற்றுதான்.

முதலில், தேவையா என்று பாருங்கள்

100 லிட்டருக்குக் குறைவான தொட்டியில் ஒன்றிரண்டு சிறு மீன்களும் மென்பவளங்களும் மட்டும் வைக்கப்போகிறீர்கள் என்றால், வாரம் 10 முதல் 20 சதவீதம் நீரை மாற்றுவதே போதும். அந்தப் பணத்தை நல்ல ஆர்.ஓ. கருவிக்கும், நீரின் உப்புச் செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டருக்கும் செலவிடலாம். அதற்கு மேலே போகும்போது, 200 லிட்டர் தொட்டிக்கு 40 லிட்டர் உப்புநீரை வாரந்தோறும் கலக்கிச் சுமப்பது விரைவிலேயே சலித்துவிடும் என்பதால், ஸ்கிம்மர் தன் விலையை நியாயப்படுத்தத் தொடங்குகிறது.

பவளப்பாறைத் துண்டுகளையும் வலிமையான ஸ்கிம்மரையும் மட்டுமே நம்பித் தொட்டியை நடத்துவதற்குப் பெர்லின் முறை என்று பெயர். உயிருள்ள பாக்டீரியாக்களோடு கடலிலிருந்து வரும் லைவ் ராக் அதன் அடிப்படை. நம் நாட்டில் அதை அப்படியே செய்ய முடியாது: கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. ராமேஸ்வரத்துப் பக்கத்துக் கல் என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். நாம் உலர்ந்த கற்களோடு தொடங்குகிறோம். அவற்றில் பாக்டீரியா நிலைகொள்ள மாதங்கள் ஆகும். அதுவரை ஸ்கிம்மரின் பங்கு கூடுதலாக இருக்கும்.

எந்த வகை, எந்த அளவு

இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஊசிச் சக்கர வகையைச் சேர்ந்தவை. பம்பின் உள்ளே சுழலும் சக்கரமான இம்பெல்லரில் தகடுகளுக்குப் பதிலாகச் சிறு சிறு ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பம்பு இழுக்கும் காற்றை அவை அடித்து நுண்குமிழிகளாக்கும். சம்ப் வைத்திருப்பவர்கள் சம்புக்குள் நிற்கும் மாதிரியைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். சம்ப் இல்லாதவர்களுக்குத் தொட்டியின் பின்புறத்தில் தொங்கும் வகை உண்டு. ஆனால் அது பொங்கினால் நீர் நேராகத் தரையில்தான் விழும் என்பதால், அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை. மரத்தாலான காற்றுக்கல்லில் ஏர் பம்பை இணைத்து ஓட்டும் பழைய வகை சிறு தொட்டிகளுக்கு இன்றும் உதவும். அந்த மரக்கல்லைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

அளவைக் கணக்கிடுவோம். 4, 1.5, 1.5 அடிகளைப் பெருக்கினால் 9 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்பதால் தொட்டியின் கொள்ளளவு 255 லிட்டர். மேலே விடும் இடைவெளியையும் கற்களும் மணலும் பிடிக்கும் இடத்தையும் கழித்தால் நீர் 200 லிட்டர்தான் இருக்கும். சம்பில் ஒரு 60 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நாம் சுத்தப்படுத்த வேண்டியது ஏறத்தாழ 260 லிட்டர். பெட்டியின் மேல் 300 லிட்டர் வரை என்று போட்டிருந்தால், பெரும்பாலும் அது மீன் குறைவாக உள்ள தொட்டிக்கான கணக்காகவே இருக்கும். ஆகவே உங்கள் நீரளவைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்குவரை குறிக்கப்பட்ட மாதிரியை, அதாவது நம் எடுத்துக்காட்டில் 400 முதல் 500 லிட்டர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். மூன்று நான்கு மடங்கு பெரிதாக வாங்குவதும் தவறுதான். அகலமான கழுத்தை நிரப்பும் அளவுக்கு உங்கள் நீரில் கரிமப் பொருள் இருக்காது, ஆகவே நுரை பாதிவரை ஏறி, உடைந்து, கீழே இறங்கிக்கொண்டேயிருக்கும், கப் காய்ந்தே கிடக்கும்.

கடைக்காரரிடம் லிட்டர் கணக்கை மட்டும் கேட்டு வாங்கிவந்து, வீட்டில் வைத்துப் பார்த்தபின் தலையில் கை வைக்கிறவர்களே அதிகம். அளவுநாடாவோடு சம்பின் முன்னால் உட்கார்ந்து, ஸ்கிம்மர் நிற்கும் அறையின் நீளம், அகலம், அங்கு நிற்கும் நீரின் ஆழம் ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பல மாதிரிகள் 15 முதல் 23 செ.மீ. வரையான ஏதோ ஒரு நீராழத்தை எதிர்பார்க்கும். சரியான எண் கையேட்டில் இருக்கும். அடுத்து, ஸ்டாண்டின் மேற்பலகைவரை உள்ள உயரத்தை அளந்து பாருங்கள். ஸ்கிம்மர் உள்ளே நின்றால் மட்டும் போதாது. கப்பை மேல்நோக்கித் தூக்கிக் கழற்ற இன்னும் 8 அல்லது 10 செ.மீ. இடைவெளி வேண்டும். என் முதல் ஸ்கிம்மருக்கு அந்த இடைவெளி இருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கருவியையே சாய்த்துக் கப்பைக் கழற்றி, பாதி அழுக்கைச் சம்புக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வழியாக வரவழைப்பவர்கள் மின்சாரத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க மாதிரிகள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸில் ஓடுபவை. நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வைத்து வோல்ட்டைச் சரிசெய்தாலும், சாதாரண ஏ.சி. பம்புகள் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகச் சுழலும் என்பதால் காற்று குறைந்துபோகும். தனி அடாப்டரோடு வரும் டி.சி. பம்பு மாதிரிகளில் இந்தச் சிக்கல் இல்லை. எந்த மாதிரியானாலும், இம்பெல்லர் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். கிடைத்தால் அன்றே ஒன்றைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். மின்கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம்: 12 வாட் பம்பு மாதம் முழுவதும் ஓடினாலும் 9 யூனிட்டைத் தாண்டாது.

பொருத்துவது

புதுக் கருவியின் அக்ரிலிக்கிலும் குழாய்களிலும் தயாரிப்பின்போது படிந்த எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். ஒரு வாளி நீரில் ஒரு பெரிய டம்ளர் வெள்ளை வினிகர் கலந்து, கருவியை அதில் சில மணி நேரம் ஓடவிட்டு, பிறகு ஆர்.ஓ. நீரில் அலசுங்கள். சோப்பு, பாத்திரம் தேய்க்கும் திரவம் எதுவும் அருகில் வரக்கூடாது.

இனி இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் மறக்கக்கூடாத செய்தி: ஸ்கிம்மர் நிற்கும் இடத்தில் நீர்மட்டம் மாறவே கூடாது. வெளியே நீர்மட்டம் 1 செ.மீ. ஏறினால் உள்ளேயும் ஏறும், நுரை தண்ணீராகக் கப்பில் கொட்டும், 1 செ.மீ. இறங்கினால் நுரை கழுத்தை எட்டாது. கருவி சரியில்லை என்று விற்கப்படும் பழைய ஸ்கிம்மர்களில் பலவற்றுக்கும் ஏற்பட்ட குறை இது ஒன்றுதான் என்பது என் எண்ணம். சம்பில் நீர் ஆவியாகும்போது மட்டம் குறைவது கடைசி அறையில், அதாவது மேலே நீர் ஏற்றும் பம்பு இருக்கும் அறையில் மட்டும். ஆகவே ஸ்கிம்மரை அதற்கு முந்தைய, கண்ணாடித் தடுப்பால் மட்டம் நிலைநிறுத்தப்பட்ட அறையில் வையுங்கள். தடுப்பே இல்லாத சம்பானால், ஆவியாகும் நீரைத் தானாக நிரப்பும் ஏ.டி.ஓ. கருவி கட்டாயம் வேண்டும்.

அந்த அறையில் நீர் தேவைக்கு மேல் ஆழமாக இருந்தால், கருவியின் கீழே அக்ரிலிக் பலகையாலோ விளக்குகளுக்கு மறைப்பாக விற்கும் கட்டம்போட்ட பிளாஸ்டிக் தட்டாலோ ஒரு மேடை செய்து உயர்த்துங்கள். மேடை ஆடாமல் இருக்க வேண்டும், கருவி மட்டமாக நிற்க வேண்டும். பம்பின் வயர் நேராகச் சாக்கெட்டுக்கு ஏறாமல், ஒரு வளைவு கீழே தொங்கி, அதன்பின் மேலேறட்டும். வயர் வழியாக வழியும் உப்புநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டியின் மின் இணைப்புக்கு, மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் உப்புநீரில் கைவைக்காதீர்கள்.

முதல் இரண்டு வாரம்

வெளியேறும் நீரின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வை முழுதாகத் திறந்து, காற்றுக்குழாயையும் முழுதாகத் திறந்து, கருவியை ஓட்டுங்கள். வால்வை மூடினால் உள்ளே மட்டம் ஏறும், திறந்தால் இறங்கும். உங்கள் கையில் இருப்பது இந்த ஒரு திருகுதான். முதல் சில நாள்கள் கருவி மனம்போல் நடந்துகொள்ளும். ஒருநாள் நுரையே இருக்காது, மறுநாள் வெறும் தண்ணீர் பொங்கிக் கப் அரை மணியில் நிரம்பும், தொட்டி முழுவதும் நுண்குமிழிகள் பறக்கும். உட்சுவர்களில் ஒரு மெல்லிய வழுவழுப்பான படலம் படிந்தபின் எல்லாம் அடங்கும். அதற்குச் சில நாள்களிலிருந்து இரண்டு வாரம்வரை ஆகலாம். அதுவரை கப்பைத் திருகி உட்காரவைக்காமல் இலேசாக வைத்து, நிரம்பினால் சம்புக்கே வழியவிடலாம்.

தொட்டியே புதிது, உள்ளே மீனே இல்லை என்றால், கப் காலியாக இருப்பதைக் கண்டு பதறாதீர்கள். எடுப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது எந்தக் கருவியும் எதையும் எடுக்காது. பாக்டீரியா பாட்டில் ஊற்றினீர்கள் என்றால், ஸ்கிம்மரை எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று அந்தப் பாட்டிலிலேயே எழுதியிருக்கும், அதன்படி செய்யுங்கள்.

கருவி பழகியபின், கொதிப்பதுபோல் கலங்கித் தெரியும் நீர் முடிந்து நுரை தொடங்கும் கோடு, கழுத்தின் அடிப்பகுதிக்கு வரும்வரை வால்வைக் கால் சுற்று, கால் சுற்றாக மூடுங்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஒரு முழுநாள் காத்திருங்கள். புதியவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திருகிப் பார்த்து, எது எதனால் நடந்தது என்று தெரியாமல் குழம்பிப்போவது வழக்கம். நானும் முதல் மாதம் அலுவலகத்துக்குக் கிளம்பும்முன் ஒரு திருகு, திரும்பி வந்ததும் ஒரு திருகு என்றுதான் இருந்தேன்.

கப்பில் விழுவது எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதில் இரு கட்சிகள் உண்டு. நுரை தொடங்கும் கோட்டைத் தாழ்த்தி வைத்தால் கறுத்த, கெட்டியான கழிவு குறைந்த அளவில் சேரும்; உயர்த்தி வைத்தால் வெளிர்தேநீர் நிறத்தில் அதிகமாகச் சேரும். கொஞ்சம் ஈரமாக எடுப்பதுதான் ஒட்டுமொத்தத்தில் கூடுதலான அழுக்கை வெளியேற்றும் என்றாலும், அதற்கு ஒரு விலை உண்டு. நாளொன்றுக்கு 250 மி.லி. வெளியேறினால் மாதத்துக்கு 7.5 லிட்டர், அது முழுவதும் உப்புநீர், ஆனால் ஏ.டி.ஓ. அதற்கு ஈடாக நிரப்புவதோ நன்னீர். 260 லிட்டர் அமைப்பில் உப்புச் செறிவு ஒரு மாதத்தில் ஆயிரத்துக்கு 35இலிருந்து 34க்கு இறங்கிவிடும். வாரம் ஒருமுறை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து, நீர்மாற்றத்தின்போது அந்தக் குறையைச் சரிசெய்துகொண்டால் போதும். தொடங்குகிறவர்களுக்கு, கடுந்தேநீருக்கும் சாதாரணத் தேநீருக்கும் இடைப்பட்ட நிறமே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

பொங்கினால், அடங்கினால்

முன்பு சொன்ன எண்ணெய்ச் சொட்டுக்கு இப்போது வருகிறேன். காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையை அப்படியே தொட்டிக்குள் விட்டால், நன்றாக ஏறிக்கொண்டிருந்த நுரை சில நிமிடங்களில் சரிந்துவிடும். எண்ணெய் நுரையின் சுவர்களை உடைத்துவிடுகிறது. பருப்புப் பாத்திரத்தில் நடப்பதும் இதுவே. கொழுப்புள்ள உறைந்த உணவோ பவளங்களுக்கான திரவ உணவோ போட்டபின்பும் இதே நடக்கும். கருவியைத் தொட வேண்டாம். சில மணி நேரத்தில் தானாகவே திரும்பும். நுரை இல்லையே என்று அந்த நேரத்தில் வால்வை மூடிவைத்தவர்களுக்கு, நள்ளிரவில் நுரை திரும்பும்போது கப் வழிந்துவிடும்.

எதிர்த்திசையில், நுரையைப் பைத்தியம்போல் பொங்கவைக்கும் பொருள்களும் உண்டு: சோப்பு ஒட்டிய கை, மீனின் தோலுக்குப் பாதுகாப்பு என்று விற்கும் நீர்த் திருத்தி, பல மருந்துகள், கற்களை ஒட்டும் எபாக்சி புட்டி. இந்தக் கடைசி ஒன்றால் எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிறு இரவு இரண்டு கற்களைப் புட்டியால் ஒட்டிவிட்டுத் தூங்கப்போனேன். ஸ்கிம்மரின் கப்பிலிருந்து ஒரு குழாய் தரையில் வைத்த வாளிக்குப் போய்க்கொண்டிருந்தது. கப்பைத் தினமும் கழுவும் சோம்பலுக்கு நானே கண்டுபிடித்த ஏற்பாடு அது. இரவெல்லாம் உப்புநீர் வாளிக்குப் பொங்கியது, குறைந்த மட்டத்தை ஏ.டி.ஓ. நன்னீரால் நிரப்பியது, அது மறுபடி பொங்கியது. விடியும்போது 25 லிட்டர் ஆர்.ஓ. கேன் காலி, வாளி வழிந்து பலகைத் தரை ஊறிக் கிடந்தது, உப்புச் செறிவு 31.5. பவளங்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டுவிட்டன. நாளுக்கு 1 என்ற அளவுக்கு மேல் ஏற்றாமல் நான்கு நாளில் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். அதன்பிறகு புட்டியைத் தொட்டாலே முதலில் கப்பைக் கழற்றிவிட்டு, பம்பை மட்டும் ஓடவிடுகிறேன். ஆக்சிஜன் கிடைக்கும், எதுவும் வெளியே போகாது. வெளிவாளி வைத்தே ஆக வேண்டும் என்பவர்கள், நிரம்பியதும் குழாயை அடைக்கும் மிதவை உள்ள கலனாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கருவி குடிக்கும் காற்று

ஸ்கிம்மர் மணிக்குச் சில நூறு லிட்டர் அறைக்காற்றை இழுத்து நீரோடு அடித்துக் கலக்குகிறது. அறையில் என்ன இருக்கிறதோ அது நீருக்குள் போகும். கொசுவை விரட்டச் சுவரில் செருகும் திரவம், கொசுவத்திச் சுருள், கரப்பான் பூச்சிக்கு அடிக்கும் ஸ்பிரே ஆகியவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை நச்சுகள் மனிதனைவிட மீனுக்கும் இறாலுக்கும் பல மடங்கு கொடியவை. தொட்டி இருக்கும் அறையில் அவற்றைத் தவிர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போதும், குடியிருப்புச் சங்கத்தார் கொசுப்புகை அடிக்க வரும்போதும், ஸ்கிம்மரை நிறுத்துங்கள்; கொசுப்புகை அடிக்கும்போது சன்னல்களையும் சாத்துங்கள்.

கதவு சன்னல் அடைத்து ஏசி போட்ட அறையில் நாலு பேர் உறங்கினால், காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடும். அது ஸ்கிம்மர் வழியாக நீரில் கரைந்து, 8.1 முதல் 8.3 வரை இருக்க வேண்டிய பிஎச் அளவை 7.8 பக்கம் இழுத்துவிடும். காற்றுக்குழாயின் முனையில் ஒரு நீளமான ட்யூபை மாட்டிச் சன்னலுக்கு வெளியே விட்டால் இது பெரும்பாலும் தீரும். முனையை மழைநீர் ஏறாதபடி கீழ்நோக்கித் திருப்பி, பூச்சி நுழையாதபடி வலை கட்டுங்கள்.

மின்வெட்டு

மின்சாரம் நின்றதும் மேல்தொட்டியிலிருந்தும் குழாய்களிலிருந்தும் நீர் சம்புக்கு இறங்கி, அங்கே மட்டம் சில செ.மீ. ஏறிவிடும். மின்சாரம் திரும்பும் நொடியில், ஆழம் கூடிய நீரில் நிற்கும் ஸ்கிம்மர் உடனே பொங்கி, கப்பில் இருக்கும் நான்கு நாள் அழுக்கையும் சேர்த்துச் சம்பில் கொட்டும். கருவியைப் பொருத்திய அன்றே மெயினை அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் போட்டு, என்ன நடக்கிறது என்று கண்ணால் பாருங்கள். பொங்கினால், மின்சாரம் வந்து ஐந்து நிமிடம் கழித்து இணைப்புத் தரும் டைமர் சாக்கெட் ஒன்றை ஸ்கிம்மருக்கு மட்டும் போட்டுவிடுங்கள். அதற்குள் மேலேற்றும் பம்பு சம்பின் மட்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். நீண்ட நேர மின்வெட்டில் இன்வெர்ட்டரின் சக்தியை ஸ்கிம்மருக்குச் செலவழிக்காமல், தொட்டிக்குள் நீரைச் சுழற்றும் பம்புக்குக் கொடுங்கள். சைன் வேவ் அல்லாத பழைய இன்வெர்ட்டரில் ஏ.சி. பம்புகள் உறுமிச் சூடாகும்.

கழுவுவது

கழுத்தின் உட்புறத்தில் படியும் கொழுப்புப் படலம் நுரையை ஏறவிடாமல் உடைக்கிறது. கப் நிரம்பாவிட்டாலும் மூன்று நாளுக்கு ஒருமுறை அதைக் கழற்றி, கழுத்தைச் சோப்பு படாத துணியால் துடைத்து, குழாய்நீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள். இரண்டு நிமிட வேலை. துடைக்காத வாரத்தில் கப்பில் சேர்வது பாதியாகக் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

காற்றுக்குழாய் பம்போடு சேரும் துளையில் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். காற்றை இழுக்கும் சத்தம் மெலிந்து, உடற்பகுதியில் குமிழிகள் குறைந்து, நீர் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தால் இதுதான் காரணம். மாதம் ஒருமுறை, பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ட்யூபின் மறுமுனையை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான ஆர்.ஓ. நீரில் நனைத்தால், பம்பே அதை உறிஞ்சி உப்பைக் கரைத்துவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றுங்கள். பாதி வினிகரும் பாதி நீரும் கலந்த கலவையிலோ, ஒரு லிட்டருக்கு ஓரிரு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரைத்த நீரிலோ ஒரு மணி நேரம் ஊறவிட்டால், ஊசிகளின் மேலும் காந்தத்தின் மேலும் படிந்த சுண்ணாம்புப் பூச்சு குமிழிவிட்டுக் கரையும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஊசிகளுக்கு இடையே தேய்க்கலாம். இம்பெல்லரின் நடுவில் இருக்கும் பீங்கான் தண்டு சாக்குக்கட்டிபோல் முறியும்; காந்தம் பிடித்து இழுக்கும் திசைக்குக் குறுக்கே வளைக்காமல் நேராக உருவுங்கள். கழுவிப் போட்டபின் ஒன்றிரண்டு நாள் கருவி மறுபடி புதிதுபோலப் பொங்கும் என்பதால், வால்வை ஒரு கால் சுற்று திறந்து வைத்துத் தொடங்குங்கள். ஆகவே பம்பு கழுவும் வேலையை ஊருக்குக் கிளம்பும் முந்தைய நாள் வைத்துக்கொள்ளக்கூடாது.

ஊருக்குப் போவதானால் கிளம்பும் நாள் காலையில் கப்பையும் கழுத்தையும் மட்டும் துடைத்து, வால்வைக் கால் சுற்று திறந்து, கொஞ்சம் வறண்ட நுரையாக எடுக்கும்படி வைத்துவிடுங்கள். மீனுக்கு உணவு போட வரும் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒவ்வொரு நாளுக்கும் உரிய அளவைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்து, கப் பாதிக்கு மேல் நிரம்பினால் அலைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதும், எதையும் திருக வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.